அலட்சியமும் கஃப்லத்தும்

 

கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. வளைவுதோறும் அதன் எண்ணைத் தாங்கிய பலகை நிற்கிறது. அதைப் பொருட்படுத்தாமல் வண்டி ஓட்டுபவரின் குணத்தை ‘அலட்சியம்’ என்கிறோம். அச்சொல்லின் வரலாற்றை எண்ணிப் பார்க்க இம்மலையே பொருத்தமான இடமாகும்.

சங்க காலத்தில் இம்மலையை ஆண்டவன் வல்வில் ஓரி. எய்த ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலி, மான், பன்றி ஆகியவற்றை ஊடுருவி, புற்றிலிருந்த உடும்பில் சென்று தைத்ததாக வன்பரணர் புறநானூற்றில் அவன் வேட்டைத் திறனைப் பாடியுள்ளார். வில்லாளி நோக்கும் அந்தக் குறிக்கு வடமொழியில் ‘லக்ஷ்யம்’ என்று பெயர். அதனோடு ‘அ’ சேர்ந்தால், குறியற்றது, கண்ணுக்குப் புலப்படாதது என்று பொருள். ஆக, வடமொழியில் அது காணப்படாத பொருளைக் குறித்த சொல். தமிழிலோ, காண வேண்டியதைக் காணாதிருக்கும் மனிதனின் குணத்தைக் குறிக்கலாயிற்று. குறை, பொருளை விட்டுப் பார்ப்பவனைச் சேர்ந்துவிட்டது.

அரபியில் இக்குணத்திற்குக் ‘கஃப்லத்’ என்று பெயர். அதே மூல எழுத்துகளைக் கொண்ட மற்றொரு சொல் ‘குஃப்ல்’. வழிகாட்டும் அடையாளம் ஏதுமில்லாத நிலத்தையும், சூட்டுக்குறி இடப்படாத ஒட்டகத்தையும் அரபிகள் அவ்வாறு அழைத்தனர். அரபியிலும் குறியின்மையும் கவனமின்மையும் அருகருகே நிற்பதைக் காண்கிறோம்.

அடையாளமற்ற நிலத்தில் வழி தவறியவனுக்குச் சாக்கு உண்டு. நமக்கு உண்டா? திருக்குர்ஆனின் ஒவ்வொரு வசனமும் ‘ஆயத்’, அதாவது அத்தாட்சி. வானங்களிலும் பூமியிலும் உள்ள எத்தனையோ அத்தாட்சிகளை மனிதர்கள் புறக்கணித்தவாறே கடந்து செல்வதைச் சூரா யூசுஃபின் 105ஆம் வசனம் எடுத்துரைக்கிறது.

பாங்கு ஒலிக்கிறது. ‘இதோ எழுகிறேன்’ என்று கைபேசியைப் பார்த்திருக்கையில் வக்து கழிந்துவிடுகிறது. மத்ரஸாவில் பிள்ளைகளை ‘அலட்சியம்’ என்று கடிந்துகொள்ளும் நாமே, வீட்டில் தாயார் அழைத்தபோது உடனே எழாத நாட்கள் உண்டு. பாங்கு நமக்குக் கேட்காமல் இல்லை. தாயின் குரலும் கேட்காமல் இல்லை. கேட்டும் அசையாதிருப்பதே கஃப்லத்.

இதற்கு மருந்து திக்ரு. காலையிலும் மாலையிலும் இறைவனை நினைவுகூரச் சொல்லும் சூரா அல்அஃராஃபின் 205ஆம் வசனம், கஃப்லத்தில் உள்ளோருள் ஒருவராகிவிட வேண்டாம் என்றே முடிகிறது.

வல்ல அல்லாஹ் நம்மையும் நம் பிள்ளைகளையும் கஃப்லத்திலிருந்து காப்பானாக! ஆமீன்.