பக்தவத்சலம், எம்.

பக்தவத்சலம், எம். (1897–1987): விடுதலைப் போராட்ட வீரர், வழக்கறிஞர், சென்னை மாநிலத்தில் காங்கிரஸ் கட்சியின் கடைசி முதலமைச்சர். பூந்தமல்லிக்கு மேற்கே, திருப்பெரும்புதூர் செல்லும் சாலையில் உள்ள நசரத்பேட்டையில் 1897 அக்டோபர் 9 அன்று பிறந்தார். இளம் வயதிலேயே தந்தையை இழந்து, காங்கிரஸ் தலைவர் சி. என். முத்துரங்க முதலியார் முதலிய உறவினரின் ஆதரவில் வளர்ந்தார். சென்னையில் சட்டம் பயின்றார். வேதாரண்யம் உப்பு சத்தியாகிரகத்தில் காயமுற்ற அவர், 1942 ஆகஸ்டு போராட்டத்தின்போது சிறைப்பட்டு 1944இல் விடுதலையானார்.

ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார், காமராசர் ஆகிய இருவரின் அமைச்சரவையிலும் இடம்பெற்றவர் என்பதே அவருடைய நிர்வாகத் திறமைக்குச் சான்று. 1954இல் காங்கிரஸ் சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்தலில் அவர் சி. சுப்பிரமணியத்தின் பக்கம் நின்றார். ஆயினும் வென்ற காமராசர் அவ்விருவரையும் அமைச்சராக்கிக்கொண்டார். மூத்த தலைவர்கள் ஆட்சிப் பொறுப்பைத் துறந்து கட்சிப்பணிக்குத் திரும்ப வேண்டும் என்னும் காமராசர் திட்டத்தின்படி 1963 அக்டோபரில் காமராசர் பதவி விலகியபோது, முதலமைச்சர் பொறுப்பு பக்தவத்சலத்திடம் வந்தது. மக்கள் செல்வாக்கு மிக்க ஒருவரின் இடத்தில், கோப்புகளையும் விதிகளையும் நன்கறிந்த நிர்வாகி அமர்ந்தார். தியோடர் ரூஸ்வெல்ட்டின் ஆதரவோடு 1908இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவராகத் தேர்வுபெற்று, 1912இல் மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்ட வில்லியம் டாஃப்டின் வரலாற்றோடு இதற்கு ஒற்றுமை உண்டு. எனினும் டாஃப்டை எதிர்த்து ரூஸ்வெல்ட்டே போட்டியிட்டார், காமராசரோ இறுதிவரை பக்தவத்சலத்தின் கட்சியிலேயே நின்றார்.

அவருடைய ஆட்சிக்காலத்தின் பெரும்பகுதியை மொழிப் பிரச்சினையே நிறைத்தது. அரசியலமைப்பின் ஏற்பாட்டின்படி 1965 சனவரி 26 முதல் இந்தி நடுவணரசின் ஆட்சிமொழியாக வேண்டியிருந்தது. இதை எதிர்த்து 1964 சனவரி 25 அன்று திருச்சியில் சின்னசாமி என்பவர் தீக்குளித்து உயிர்நீத்தார். தமிழ், ஆங்கிலம், இந்தி மூன்றையும் பள்ளிகளில் கற்பிக்கும் மும்மொழித் திட்டத்தை அவ்வாண்டு மார்ச்சில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் பரிந்துரைத்தது மாணவரின் ஐயத்தை வலுப்படுத்தியது. 1965 குடியரசு நாளைத் துக்க நாளாகக் கடைப்பிடிக்கத் தி.மு.க. முடிவுசெய்தபோது அரசு கடுமையாக எச்சரித்தது. அந்நாள் 25ஆம் தேதிக்கு முன்தள்ளப்பட்டது. அன்று மதுரையில், காங்கிரஸ் அலுவலகத்தின் அருகே ஊர்வலமாகச் சென்ற மாணவருக்கும் கட்சித் தொண்டருக்கும் மோதல் மூண்டது. தொடங்கியவர் யார் என்பதில் இரு தரப்புக் கூற்றுகளும் முரண்படுகின்றன. கலவரம் மாநிலமெங்கும் பரவியது. 27ஆம் தேதி சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் மாண்டார். அக்காலத்தில் சென்னையின் மேற்கு எல்லையில் இருந்த கோடம்பாக்கத்தில் சிவலிங்கமும் விருகம்பாக்கத்தில் அரங்கநாதனும் அடுத்தடுத்துத் தீக்குளித்தனர். இராணுவமும் வரவழைக்கப்பட்டது. இறந்தோர் ஏறத்தாழ 70 பேர் என்பது அரசுத் தரப்புக் கணக்கு. பல நூறு பேர் என்பர் பிறர்.

பிப்ரவரி 11 அன்று நடுவணமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ. வி. அளகேசனும் பதவிவிலகல் கடிதம் தந்தனர். இந்தி பேசாத மாநிலங்கள் விரும்பும்வரை ஆங்கிலம் நீடிக்கும் என்ற நேருவின் வாக்குறுதி காக்கப்படும் என்று லால் பகதூர் சாஸ்திரி அன்றிரவே வானொலியில் அறிவித்தார். தணிவிக்கும் சொல் தில்லியிலிருந்து வந்ததேயன்றிக் கோட்டையிலிருந்து வரவில்லை. மாணவரின் மனக்கொதிப்பைச் சட்டம் ஒழுங்குச் சிக்கலாக மட்டுமே கருதியது இவ்வரசின் பெருந்தவறு எனலாம். முதலமைச்சருக்கு வேறு வழியில்லை என்று வாதிடுவோரும் உளர்.

மற்றொரு சுமை அரிசி. தட்டுப்பாடும் விலையேற்றமும் பங்கீட்டுக் கடைகளின் முன் நீண்ட வரிசைகளை உண்டாக்கின. ‘அண்ணாச்சி’ என்று பக்தவத்சலத்தை விளித்து, அரிசி விலை ‘என்னாச்சு’ என்று எதுகையோடு கேட்ட முழக்கம் தெருவெங்கும் ஒலித்தது. மரியாதையும் குற்றச்சாட்டும் ஒரே மூச்சில் கலந்த அம்முழக்கம், கொள்கை விளக்க மேடைகள் பலவற்றைவிட வலிமையாக வீட்டு வாசலை எட்டியது. படி என்னும் முகத்தலளவை அன்று எல்லா அடுக்களைகளிலும் இருந்தது. ஆகவே ரூபாய்க்கு மூன்று படி இலட்சியம், ஒரு படி நிச்சயம் என்ற தி.மு.க.வின் வாக்குறுதியை எவருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இக்காலத்து ஆக்கப்பணிகளைப் பற்றிய பேச்சு குறைவு.  அம்பத்தூர்த் தொழிற்பேட்டை உருப்பெற்றதும், ஆவடி கனரக ஊர்தித் தொழிற்சாலையில் முதல் விஜயந்தா பீரங்கி வண்டி 1965இல் வெளிவந்ததும் இவ்வாண்டுகளிலேதான். பின்னது நடுவணரசின் முயற்சி.

1967 தேர்தலில், தாம் பிறந்த ஊரை அடுத்த திருப்பெரும்புதூர்த் தொகுதியில், தி.மு.க. வேட்பாளர் து. இராசரத்தினத்திடம் பக்தவத்சலம் ஏறத்தாழ 9,000 வாக்குகள் வேறுபாட்டில் தோற்றார். விருதுநகரில் காமராசரும் மாணவர் தலைவர் பெ. சீனிவாசனிடம் தோற்றார். தமிழகத்தில் நச்சுக்கிருமிகள் பரவிவிட்டதாக அப்போது பக்தவத்சலம் சொன்னதாகக் கூறுவர். தேர்தலில் வென்ற தி.மு.க.வின் தலைவர் அண்ணாதுரை மார்ச் 6 அன்று முதலமைச்சரானார்.

பின்னர் படிப்படியாக அரசியலிலிருந்து ஒதுங்கிய அவர் 1987இல் மறைந்தார். அவருடைய நினைவிடம் கிண்டியில், காமராசர் நினைவிடம் உள்ள வளாகத்திலேயே அமைந்துள்ளது. அவர் மகள் சரோஜினி வரதப்பன் சமூகத்தொண்டர். அம்பத்தூரை அடுத்த கொரட்டூரில் பக்தவத்சலம் நினைவு மகளிர் கல்லூரி இயங்கிவருகிறது.