மலைநாட்டில் சிறு ரோபோவுக்கான கம்பியில்லாப் பலகை: ஒரு வரலாற்றுப் பார்வை

கம்பியில்லா நுண்கட்டுப்படுத்திப் பலகை என்பது, கணக்கிடும் சில்லு, நினைவகம், உள்ளீட்டு வெளியீட்டு முனைகள் ஆகியவற்றுடன் வானலை வழியே செய்தி அனுப்பிப் பெறும் பகுதியையும் கொண்ட சிறிய மின்னணு அட்டை ஆகும். இன்று சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும் இப்பலகை இந்திய மாணவர்களின் கைக்கு வருவதற்கு, சட்டமும் தொழில்நுட்பமும் தனித்தனியே மாற வேண்டியிருந்தது.

சட்டத்தின் கதை

1933ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம், உரிமம் இன்றிக் கம்பியில்லாக் கருவியை வைத்திருப்பதையே தடை செய்தது. ஒரு காலத்தில் வீட்டு வானொலிப் பெட்டிக்குக்கூட அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. 2005ஆம் ஆண்டு நடுவண் அரசு 2.4 கிகாஹெர்ட்சு அலைவரிசையைக் குறைந்த திறன் கருவிகளுக்கு உரிமத்திலிருந்து விடுவித்தது. அதே ஆண்டில் 865 முதல் 867 மெகாஹெர்ட்சு வரையிலான பட்டைக்கும் விலக்கு கிடைத்தது. வைஃபை, புளூடூத் இரண்டும் முதல் பட்டையில் இயங்குகின்றன. தொலைதூரத்துக்குச் சிறு செய்தி அனுப்பும் லோரா இரண்டாவதில் இயங்குகிறது.

பலகைகளின் கதை

அதே 2005இல் இத்தாலியின் இவ்ரியா நகரில் ஆர்டுயினோ பிறந்தது. 2010இல் வந்த ஆர்டுயினோ ஊனோவில் 16 மெகாஹெர்ட்சு வேகமும் 2 கிலோபைட் தற்காலிக நினைவகமும் இருந்தன. வானலை வசதி இல்லை. புளூடூத் தொகுதியைத் தனியே வாங்கி இணைக்க வேண்டியிருந்தது.

2014இல் சாங்காய் நகரின் எசுபிரெசிப் நிறுவனத்தின் ஈஎஸ்பி8266 சில்லு, மிகக் குறைந்த விலையில் வைஃபையைத் தந்தது. ஆனால் அதில் ஒப்புமை உள்ளீடு ஒன்றே ஒன்று. 2016இல் வந்த ஈஎஸ்பி32, இரண்டு கருக்கள், 240 மெகாஹெர்ட்சு வரை வேகம், 520 கிலோபைட் நினைவகம், வைஃபை, புளூடூத் ஆகியவற்றை ஒன்றாக்கியது. பிரித்தானியப் பள்ளி மாணவர்களுக்கு இலவசமாக வழங்கப்பட்ட பிபிசி மைக்ரோபிட்டும் அதே ஆண்டில் வெளிவந்தது. ராசுபெர்ரி பை பிக்கோ டபிள்யூ 2022இல் வந்தது. இந்தியாவில் நிதி ஆயோக்கின் அடல் சிந்தனை ஆய்வகங்கள் இத்தகைய பலகைகளைப் பள்ளி வகுப்பறைகளுக்குள் கொண்டுவந்தன.

மலை கற்றுத்தந்தது

இடத்துக்கு ஏற்பக் கருவியை அமைப்பது நீலகிரிக்குப் புதிதன்று. உதகை அருகே முத்தோரையில் 1970இல் இயங்கத் தொடங்கிய வானொலித் தொலைநோக்கி 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்டது. கோவிந்த் சுவரூப் தலைமையிலான குழு, ஏறத்தாழ 11 பாகைச் சரிவுள்ள மலையை அதற்குத் தேர்ந்தெடுத்தது. அச்சரிவு அவ்விடத்தின் அட்சரேகைக்கு இணையானது. எனவே தொலைநோக்கியின் அச்சு புவியின் அச்சுக்கு இணையாக அமைந்து, ஒரே அச்சில் சுழற்றியே வான்பொருளை மணிக்கணக்கில் பின்தொடர முடிகிறது.

ஆனைமலையின் வால்பாறையிலும் இதே பாடம் உண்டு. தேயிலைத் தோட்டங்களில் எதிர்பாராமல் யானையை எதிர்கொண்டு மனிதர் இறப்பதைத் தடுக்க, இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை குறுஞ்செய்தி எச்சரிக்கையையும், கைபேசி வழியே எரியும் சிவப்பு விளக்குகளையும் அமைத்தது. பதிவு செய்யப்பட்ட எண்ணிலிருந்து ஒரு தவறிய அழைப்பு விடுத்தால் போதும், விளக்கு மின்னும். இம்முயற்சிக்காக ஆனந்த குமார் 2015இல் விட்லி விருது பெற்றார். மக்கள் கையில் ஏற்கெனவே இருந்த கைபேசியே அங்கு உயிர் காக்கும் கம்பியில்லாக் கருவியாயிற்று.

தேர்ந்தெடுக்கும் முறை

எனவே பலகை வாங்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, செய்தி எவ்வளவு தூரம் செல்ல வேண்டும் என்பதே. ஒரே அறைக்குள் கைபேசியால் ஓட்டும் வண்டிக்குப் புளூடூத் போதும். வலைப்பக்கம் வழியே இயக்கவோ படம் அனுப்பவோ வைஃபை வேண்டும். குன்னூர், கோத்தகிரி போன்ற ஊர்களின் கனத்த கல் சுவர்களும், மழையில் நனைந்த செடிகளும் 2.4 கிகாஹெர்ட்சு அலையை வெகுவாகக் குறைக்கும். தோட்டத்தின் மறுகோடியிலிருந்து வெப்பநிலையையோ மழையளவையோ அறிய லோரா ஏற்றது. அதில் படம் அனுப்ப இயலாது. இடையில் ஒரு குன்று நின்றால் லோராவும் தடுமாறும். அப்போது அனுப்பியை மேட்டில் வைக்க வேண்டும்.

இரண்டாவது, மின்னழுத்தம். ஊனோ 5 வோல்ட்டில் இயங்குவது. ஈஎஸ்பி32, பிக்கோ டபிள்யூ ஆகியவை 3.3 வோல்ட்டில் இயங்குபவை. 5 வோல்ட் மீயொலி உணரியின் வெளியீட்டை நேரடியாக இணைத்தால் முனை பழுதாகலாம். இரண்டு மின்தடைகளைக் கொண்டு அழுத்தத்தைப் பகிர வேண்டும்.

மூன்றாவது, மின்கலம். வைஃபை அனுப்பும் கணத்தில் பலகை சில நூறு மில்லியாம்பியர் இழுக்கும். அதே கணத்தில் மோட்டாரும் அதே கலத்திலிருந்து இழுத்தால் அழுத்தம் சரிந்து பலகை மீண்டும் மீண்டும் தொடங்கும். நிரலில் பிழை இருப்பதாக எண்ணி மாணவர்கள் நாள்கணக்கில் தேடுவது பெரும்பாலும் இதனால்தான். மோட்டாருக்கு இயக்கிச் சுற்றும் தனி மின்வழங்கலும் கொடுத்து, புவி இணைப்பை மட்டும் பொதுவாக்குவது தீர்வு.

முதன்முறை செய்வோருக்கு வானலை இல்லாத ஊனோவே நல்ல தொடக்கம். வண்டி கம்பியுடன் ஒழுங்காக ஓடிய பிறகு ஈஎஸ்பி32க்கு மாறினால், பழுது எந்தப் பக்கம் என்பதைப் பிரித்தறிவது எளிது.