தூரன் என்றொரு பெயர்

பேரனுக்கு பாஸ்போர்ட் விண்ணப்பம் நிரப்பும்போது 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தில் நின்றுவிட்டோம். நமக்கு இன்ஷியல்தானே உண்டு!

அப்போது ம. ப. பெரியசாமித் தூரன் நினைவுக்கு வந்தார். 1954-இல் முதல் தொகுதி வெளிவந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் முதன்மை ஆசிரியர். 'ம' 1908-இல் அவர் பிறந்த மஞ்சக்காட்டு வலசு, மொடக்குறிச்சிப் பக்கம். 'ப' தகப்பனார் பழனிவேலப்பக் கவுண்டர். தூரன் என்பதைப் புனைபெயர் என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். அது அவருடைய கூட்டப் பெயர். ஊர், தகப்பன், தான், கூட்டம் நான்கும் ஒரே பெயரில்!

கொங்கு வேளாளரில் கண்ணன், ஆந்தை, செல்லன், தூரன் என்று எத்தனையோ கூட்டங்கள். எங்கள் திருச்செங்கோட்டுப் பக்கம் பெண் பார்க்கப் போனால் முதல் கேள்வியே "நீங்க என்ன கூட்டமுங்க?" என்பதுதான். ஒரே கூட்டம் என்றால் பங்காளி. பேச்சு அங்கேயே முடிந்தது. குலதெய்வக் கோயிலும் கூட்டத்தை வைத்துத்தான். இத்தனைக்கும் அந்தப் பெயரைக் கையெழுத்தில் போட்டவர்கள் அபூர்வம். என் அப்பாவின் பத்திரங்களில் ஓரிடத்திலும் இல்லை. கல்யாணப் பேச்சோடு சரி.

"நம்ம கூட்டப் பெயரை எழுதலாமா?" என்று மகனிடம் கேட்டேன்.

"அமெரிக்காவுல யாருங்கப்பா இதைக் கேக்கப் போறாங்க?" என்றான்.

கட்டத்தில் அவன் பெயரே ஏறியது. பேரனுக்கு ஏழு வயது. எங்கள் கூட்டம் எது என்று ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.