வாக்கரின் ஒற்றை எண்ணும் குட்டி அலையும்

பி.காம். புள்ளியியல் பாடத்தில் 'ஒட்டுறவுக் கெழு' என்று ஒன்று வரும். கார்ல் பியர்சன் சூத்திரம். மனப்பாடம் செய்து, பரீட்சையில் கக்கி, மறந்தும் போனேன். பல வருடம் கழித்து மராத்வாடாவில் பயிர்க்கடன் மேசையில் உட்கார்ந்தபோதுதான், இந்திய மழைக் கணிப்பே அந்தக் கெழுவின் மேல் வளர்ந்தது என்று தெரிந்தது.

வளர்த்தவர் கில்பர்ட் வாக்கர். கேம்பிரிட்ஜ் கணித ஆசாமி. 1904-ல் இந்திய வானிலைத் துறைக்குத் தலைவரானார். (1913-ல் துறைமுக குமாஸ்தா ராமானுஜனின் நோட்டுகளைப் பார்த்து, சென்னைப் பல்கலைக்கழகத்துக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதினாரே, அதே வாக்கர்தான்!) 1877, 1899 பஞ்சங்களின் வடு ஆறாத காலம். உலகெங்கிலுமிருந்து காற்றழுத்தப் பதிவுகளைத் திரட்டி, இந்திய ஊழியர்களை வைத்துக் கையாலேயே கணக்குப் போட்டார். பசிபிக்கில் அழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது என்று கண்டு, அதற்குத் 'தெற்கத்திய அலைவு' என்று பெயர் வைத்தார். அதுவும் எல் நினோவும் ஒரே காசின் இரு பக்கம் என்பது 1960களில்தான் தெளிவானது.

நிற்க. கெழுவில் ஒரு கோளாறு உண்டு. நூறு வருடத்துக்கும் சேர்த்து ஒரே எண்தான். 'மொத்தத்தில் ஒழுங்காகத் தவணை கட்டியவர்' என்று சொன்னால் கடன் அதிகாரிக்குப் போதுமா? எந்த வருடம் கட்டினார், எந்த வருடம் விட்டார் என்று தெரிய வேண்டாமா? ஃபூரியே முறையிலும் இதே கதை. எத்தனை வருடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது என்று சொல்லும். எப்போது என்று சொல்லாது.

இதற்கு வழி வந்தது எண்ணெய்க் கிணறு தேடியவர்களிடமிருந்து. எல்ஃப் என்ற பிரெஞ்சு நிறுவனத்தில் இருந்த ழான் மோர்லே, பூமிக்குள்ளிருந்து வரும் எதிரொலிகளைப் பிரித்துப் பார்க்க, தொடக்கமும் முடிவும் உள்ள குட்டி அலையைப் பயன்படுத்தினார். அதை இழுத்தும் சுருக்கியும் பதிவின் மேல் நகர்த்திக்கொண்டே போனால், எந்த நேரத்தில் எந்தத் துடிப்பு வலுவாக இருந்தது என்று வரைபடமாகவே கிடைக்கும். அலெக்ஸ் கிராஸ்மன் என்ற இயற்பியலாளரோடு சேர்ந்து 1984-ல் இதற்கு முறையான கணிதம் எழுதினார். அதுதான் வேவ்லெட்.

1998-ல் கொலராடோவின் டாரன்ஸ், காம்போ இருவரும் வானிலைக்காரர்களுக்கு இதை எளிமையாக்கித் தந்தார்கள். கண்ணுக்குத் தெரியும் திட்டு நிஜமா, தற்செயலா என்று சோதிக்கவும் வழி சொன்னார்கள். எனக்குப் பிடித்தது அதுதான். தணிக்கை இல்லாத கணக்கை நான் நம்புவதில்லை.

அடுத்த வருடம் டாரன்ஸும் வெப்ஸ்டரும் எல் நினோ, இந்திய மழைப் பதிவுகளை இப்படி அலசினார்கள். 1875 முதல் 1920 வரை இரண்டிலும் துடிப்பு பலம். 1920-60 மந்தம். 1960-90 மறுபடி பலம். வாக்கர் கணக்குப் போட்டதே பலமான காலத்துப் புள்ளிவிவரத்தை வைத்து! அவர் ஓய்வுபெற்ற 1924-ஐ ஒட்டியே ஆட்டம் தளர்ந்துவிட்டது. பாவம்.

பிறகும் குழப்பம் தீரவில்லை. 1997-ல் பெரிய எல் நினோ வந்தும் மழை குறையவில்லை. உறவு தளர்ந்துவிட்டது என்று 1999-ல் புனே விஞ்ஞானி கிருஷ்ணகுமார் குழுவினர் எழுதினார்கள். இந்த ஏற்ற இறக்கமே தற்செயலாக இருக்கலாம் என்று 2001-ல் வேறு சிலர் மறுத்தார்கள். 2002-ல் அவ்வளவு பெரிதில்லாத எல் நினோ. ஆனால் மழை 19 சதவீதம் குறைந்தது. 2009-ல் 22 சதவீதம்.

அந்த 2009-ல்தான் ஒரு பெரியவர் என் மேசைக்கு வந்தார். சோயாபீன் 'துபார் பேரணி' ஆகியிருந்தது (நம்மூர் ஊர்வலம் இல்லை, மறுவிதைப்பு). "உங்க கம்ப்யூட்டர்ல மழை எப்போன்னு பாருங்க, சாஹேப்" என்றார் மராத்தியில். திரையில் அவருடைய தவணைக் கணக்குதான் இருந்தது. 2002-லும் 2004-லும் மட்டும் ஓட்டை. இரண்டுமே வறண்ட வருடங்கள். கடனை மாற்றியமைக்கச் சொல்லி எழுதி அனுப்பினேன்.