பெட்டியைத் திறத்தல்: தோல் வட்டாரத்தில் வீட்டுத் திரையின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

நம் சிறுபத்திரிகை உலகில் தொலைக்காட்சி பற்றிய விமர்சனத்துக்குப் பஞ்சமில்லை. திரையில் ஓடுபவை அனைத்தையும், தொடர், விளம்பரம், செய்தி, பட்டிமன்றம் என்று ஒன்றுவிடாமல் கருத்தியல் ஆய்வுக்கு உட்படுத்தியிருக்கிறோம். ஆனால் திரையைத் தாங்கி நிற்கிற பெட்டி யாருடையது, அதைத் திறக்கும் உரிமை யாருக்கு, பழுதானால் அது யார் கைக்குப் போகிறது என்ற கேள்விகளை மெக்கானிக் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிட்டோம். பொருளைத் தொடுகிற வேலை கீழானது, பொருளைப் பற்றிப் பேசுகிற வேலை மேலானது என்கிற பழைய சாதியப் பிரிவினை ஊடக விமர்சனத்துக்குள்ளும் புகுந்திருக்கிறது என்றே இதைப் புரிந்துகொள்ள வேண்டியுள்ளது. தோலைத் தொடுகிறவர் ஒருவராகவும், தோலை விற்ற காசைத் தொடுகிறவர் இன்னொருவராகவும் இருந்துவரும் எங்கள் பாலாற்றங்கரையில் இந்தப் பிரிவினையைப் பார்க்காமல் இருப்பது கடினம்.

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் இந்த வட்டாரத்தில் நான் தொடர்ந்து கவனித்துவரும் ஒரு காரியம் உண்டு. உபயோகமற்றதென்று மூலையில் கிடக்கும் மடிக்கணினியை எடுத்து, காசில்லாமல் கிடைக்கும் திறந்த மூல மென்பொருளை ஏற்றி, வீட்டு டிவியோடு இணைத்து, படம், பாட்டு, பாடம், கல்யாண வீடியோ எல்லாவற்றையும் ஓடவைக்கிறார்கள். இங்கிலீஷில் இதற்கு ‘ஹோம் மீடியா சென்டர்’ என்று பெரிய பெயர். இங்கே பையன்கள் சொல்வது ‘பழைய லேப்டாப்ப டிவில போட்டுட்டேன்’ என்பதுதான். இந்தச் சின்னக் காரியத்துக்குப் பின்னால் நாற்பது ஆண்டு வரலாறு இருக்கிறது.

2

1982 ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி இந்தியாவில் வண்ண ஒளிபரப்பு வந்தது. அடுத்து வந்தது வீடியோ. எங்கள் தெருக்களில் அதற்கு ‘டெக்கு’ என்று பெயர். டெக்கு, டிவி, நான்கு கேசட் மூன்றையும் சேர்த்து ஓர் இரவு வாடகைக்கு எடுப்பார்கள். பலர் காசு போட்டு, ஒரு வீட்டு வாசலில் வைத்து, விடிய விடியப் பார்ப்பார்கள். பெட்டி யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் எந்தப் படத்தை எப்போது நிறுத்துவது, எந்தப் பாட்டைத் திரும்பப் போடுவது என்பதைத் தெருவே தீர்மானித்தது. சொத்துரிமை இல்லாத இடத்தில் பயன்பாட்டு உரிமை முழுதாக இருந்தது என்பது இங்கே முக்கியம்.

1991இல் ஸ்டார், 1993இல் சன் டிவி என்று செயற்கைக்கோள் அலைவரிசைகள் வந்தபோது கேபிள்காரர் உருவானார். அவர் மொட்டை மாடியில் டிஷ் வைத்தார். ஒரு அலைவரிசையைத் தனக்கென்று ஒதுக்கிக்கொண்டு அதில் படம், பிறந்தநாள் வாழ்த்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் போட்டார். கேபிள் தொலைக்காட்சி ஒழுங்குமுறைச் சட்டம் வந்ததே 1995இல்தான். அதுவரைக்கும், அதற்குப் பிறகும்கூட வெகுநாள், உள்ளூர்த்தன்மை என்பது அந்த ஒயரில் ஒட்டிக்கொண்டிருந்தது.

2006 செப்டம்பர் 15 அன்று தி.மு.க. அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. 14 அங்குலப் பெட்டி, ஒன்றரைக் கோடிக்கும் அதிகமான வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. இதைப் பற்றிய சொல்லாடல் முழுவதும் ‘லஞ்சமா, நலத்திட்டமா’ என்ற ஒற்றைக் கேள்விக்குள் அடைபட்டுக் கிடந்தது. 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம், சுப்பிரமணியம் பாலாஜி வழக்கில், இத்தகைய வாக்குறுதிகள் தேர்தல் ஊழல் ஆகா என்று சொன்ன பின்பும் விவாதம் அங்கேயேதான் நிற்கிறது. கொடுப்பவரின் நோக்கம் பேசப்பட்டது. வாங்கியவர் அதை என்ன செய்தார் என்பதை யாரும் கேட்கவில்லை. பெறுபவர் வெறும் பாத்திரம், ஊற்றியதை வைத்திருப்பார் என்பதுதான் இருதரப்பாரின் உட்கிடக்கை.

பிறகு வந்தது டிஜிட்டல் கட்டம். 2017இல் அரசு கேபிள் நிறுவனம் செட்டாப் பெட்டிகளை இலவசமாக வழங்கத் தொடங்கியது. பார்க்க இலவசப் பெட்டி, உள்ளே பூட்டு. மென்பொருளும் சாவியும் வேறெங்கோ இருந்தன. அதன் பொருள் 2022 நவம்பரில் விளங்கியது. மென்பொருள் சேவை தந்த நிறுவனத்துக்கும் அரசு கேபிளுக்கும் ஏற்பட்ட தகராறில் லட்சக்கணக்கான பெட்டிகள் திடீரென்று இருண்டன. ஒயர் அறுந்தால் கேபிள்காரர் ஏணி போட்டு ஏறுவார். பூட்டு விழுந்தால் அவரும் நம்மைப் போலவே திரையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

3

இதற்கு நடுவில் வேறொரு பெட்டி வீட்டுக்குள் வந்திருந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று அ.தி.மு.க. அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கானது. முதல் ஆண்டுக்கு மட்டும் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளுக்கு எல்காட் டெண்டர் விட்டது. இந்த மடிக்கணினிகளில் விண்டோஸும், சிடாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. மிஷினைப் போட்டால் இரண்டு கதவு: எந்தக் கதவு வேண்டும் என்று கேட்கும். பெரும்பாலோர் விண்டோஸ் கதவையே திறந்தார்கள். பள்ளியில் லினக்ஸ் சொல்லித்தர ஆளில்லை. ஆனாலும் அந்த இரண்டாவது கதவு இருந்தது. பூட்டப்படாத கதவு ஒன்று இந்த வீடுகளுக்குள் வந்தது அதுவே முதல் முறை எனலாம்.

2020 ஊரடங்கின்போது பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களின் மடிக்கணினியில் வீடியோ பாடங்களைப் பள்ளியிலேயே ஏற்றித் தந்தார்கள். நெட் இல்லாத வீட்டில் ஒரு பிள்ளையின் மடிக்கணினியைச் சுற்றி நாலு பிள்ளைகள் உட்கார்ந்தன. சின்னத் திரை போதாது. பெரிய திரைக்கு மாற்ற என்ன வழி என்ற கேள்வி, தேவையிலிருந்து பிறந்தது.

4

அதற்கான கருவியின் வரலாறு எங்கள் வரலாற்றோடு விசித்திரமாகப் பொருந்துகிறது. இன்று ‘கோடி’ என்று அறியப்படும் மென்பொருள், 2002 வாக்கில் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டியின் பூட்டை உடைத்த ஆர்வலர்களிடமிருந்து கிளம்பியது. விளையாட மட்டுமே அனுமதித்த பெட்டியைப் படம் பார்க்கும் பெட்டியாக மாற்றினார்கள். முதலில் எக்ஸ்பாக்ஸ் மீடியா பிளேயர், பிறகு எக்ஸ்பிஎம்சி, லினக்ஸுக்கு வந்து, 2014இல் ‘கோடி’ என்று பெயர் மாறியது. வி.எல்.சி.யோ 1996இல் பாரிஸ் நகரப் பொறியியல் கல்லூரி ஒன்றின் மாணவர் திட்டமாகத் தொடங்கி, 2001இல் பொது உரிமத்தின் கீழ் விடுவிக்கப்பட்டது. ஒன்றைச் செய்யப் பணிக்கப்பட்ட பொருளை வேறொன்றைச் செய்யவைத்தல், செய்ததை எல்லோருக்கும் திறந்துவிடுதல். இந்த இரண்டும்தான் அடிப்படை. வானொலி ஒருவழிப் பாதையாக இருப்பதை மாற்றி, கேட்பவரைப் பேசவும் வைக்க வேண்டும் என்று 1932இல் பிரெக்ட் வாதிட்டதன் தொலைதூர எதிரொலி இதில் உண்டு.

செய்முறை சிக்கலானதல்ல. கோடியை மட்டுமே ஓட்டுவதற்கென்று ‘லிப்ரேஎலக்’ என்ற சிறிய லினக்ஸ் இருக்கிறது. அதை ஒரு பென் டிரைவில் எழுதி, மடிக்கணினியை அதிலிருந்து கிளப்பினால் போதும். ஹார்டு டிஸ்க் செத்திருந்தால் இன்னொரு பென் டிரைவில் நிறுவிக்கொள்ளலாம். எச்டிஎம்ஐ துளை இருந்தால் ஒரு ஒயர். பழைய 14 அங்குல டிவி என்றால் படத்தையும் ஒலியையும் மாற்றித்தரும் சின்னக் கன்வெர்ட்டர். பத்துப் பன்னிரண்டு ஆண்டு பழைய மடிக்கணினியில் எச்.264 வகைப் படங்கள் தடையில்லாமல் ஓடும், புதிய எச்.265 கோப்புகள் திணறும், அவற்றை மாற்றி வைத்துக்கொள்ள வேண்டும். ரிமோட்டுக்குக் கைபேசி போதும். மெனு தமிழிலேயே வரும். மடிக்கணினி வீட்டில் இருந்தால் சில நூறு ரூபாயில் வேலை முடிந்தது.

கவனிக்க வேண்டிய விஷயம் இது: மடிக்கணினியில் முதலில் போகிறவை பேட்டரி, திரை, கீபோர்டு. மீடியா சென்டருக்குத் தேவைப்படாதவையும் இந்த மூன்றேதான். கழிவென்று எதை வரையறுக்கிறோம் என்பது பொருளின் இயல்பில் இல்லை, அது எந்த வேலையில் நிறுத்தப்பட்டிருக்கிறது என்பதில் இருக்கிறது. தோல் வேலை தெரிந்தவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தோலைப் பிளந்து மேல்பரப்பை ஏற்றுமதிக்கு அனுப்பிய பிறகு அடிப்பிளவுக்கு ஒரு விலை, சீவலுக்கு ஒரு விலை உண்டு. பேரணாம்பட்டு அருகே ஒரு வீட்டில் ஓர் அம்மா சொன்னார்: ‘இத்த தூக்கிப் போட மனசு வரல. கவர்மெண்ட்ல குடுத்தது, பொண்ணு படிச்சது. இப்ப நாங்க பாக்கறோம்.’

5

அவர் பார்த்துக்கொண்டே என்ன செய்துகொண்டிருந்தார்? ஷூ அப்பர் தைத்துக்கொண்டிருந்தார். இங்கே வீடு என்பது ஓய்வுக்கான இடம் மட்டுமல்ல. கம்பெனியிலிருந்து வரும் வெட்டிய தோலை, ஜோடிக்கு இவ்வளவு என்ற கூலிக்கு, ஆம்பூர் வட்டாரத்தில் ஏராளமான பெண்கள் வீட்டில் உட்கார்ந்து கையால் தைக்கிறார்கள். பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை, தொழிற்சாலைக் கணக்கில் அவர்கள் தொழிலாளர்களே இல்லை. ஐரோப்பியக் கடையில் நிற்கும் ஷூவில் இந்த வீட்டின் மாலை நேரம் தைக்கப்பட்டிருக்கிறது. எனவே ‘பொழுதுபோக்கு’ என்ற சொல்லை அப்படியே ஏற்க இயலாது. கையும் கண்ணும் ஊசியில் இருக்க, காது மட்டும் திரைக்குப் போகிறது. நடுவில் நிறுத்தவும், விட்ட இடத்திலிருந்து தொடரவும், விளம்பரம் இல்லாமல் கேட்கவும் முடிகிறதா என்பது அவருக்குச் சொகுசு அல்ல, வேலை நிலைமை.

இன்னொன்று நினைவு. 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் இறந்தார்கள். 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம். இவற்றின் காட்சிகள் செய்தி அலைவரிசைகளில் இரண்டு நாள் ஓடின. பிறகு யாரிடம் இருக்கின்றன? உள்ளூர் கேபிள் படமெடுத்தது, கைபேசியில் பிடித்தது, சங்கக் கூட்டப் பதிவு, பூஞ்சை பிடித்துக்கொண்டிருக்கும் கல்யாணக் கேசட் எல்லாம் சிதறிக் கிடக்கின்றன. யூடியூபில் போட்டால் நாளை இருக்குமா என்பது நம் கையில் இல்லை. ஒரு பழைய ஹார்டு டிஸ்க்கும் பூட்டில்லாத மென்பொருளும் தெருவுக்கு ஓர் ஆவணக் காப்பகத்தைத் தர முடியும். எனக்கு இந்தப் பெட்டியில் அக்கறை வந்ததே இதனால்தான்.

6

மூன்று மறுப்புகளை எதிர்பார்க்கிறேன். ஒன்று, இது திருட்டுப் படம் பார்க்கும் ஏற்பாடு என்பது. கோடிக்குள் எந்தப் படமும் இல்லை. நாம் வைப்பதைக் காட்டும், அவ்வளவே. பதிப்புரிமை பற்றிப் பேச வேண்டியதுதான். ஆனால் கருவியையே குற்றவாளியாக்குவது டெக்குக் காலத்திலிருந்து வரும் பழக்கம்.

இரண்டு, கைபேசி வந்த பிறகு இதெல்லாம் என்னாத்துக்கு என்பது. கைபேசி ஆளுக்கொரு திரை. நடுவில் ஒரு நிறுவனம். தெருத்திண்ணையில் டெக்கைச் சுற்றி உட்கார்ந்த கூட்டத்தை அது கலைத்துவிட்டது. பொதுத்திரை ஒன்றை மீட்பது அரசியல் காரியமே.

மூன்றாவது கனமானது: நச்சுக் குப்பையை ஏழை வீட்டில் ஒத்திவைக்கிறோம் என்பது. சர்க்யூட் போர்டில் ஈயம் உண்டு, ஒருநாள் அதுவும் குப்பைக்குப் போகத்தான் போகிறது. குரோமியம் இறங்கிய நிலத்தடி நீரைக் குடித்த ஊர்க்காரனாக இதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் நியாயம் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதையும் இந்த ஊரே சொல்லியிருக்கிறது. 1996 ஆகஸ்ட் 28இல், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. 2025 அக்டோபர் 14இல் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை நிறுத்தியது. நன்றாக ஓடுகிற எத்தனையோ கணினிகள், தேவையான பாதுகாப்புச் சில்லு இல்லை என்ற காரணத்தால் விண்டோஸ் 11க்குத் தகுதியற்றவை ஆயின. உடையாத பொருளை ஓர் அறிவிப்பால் குப்பையாக்குவது மாசுபடுத்தல் இல்லையா? மின்கழிவு விதிகள் உற்பத்தியாளரின் பொறுப்பைப் பேசுகின்றன. பூட்டைத் தயாரிப்பவரின் பொறுப்பை அல்ல. டேனரிக்கு எதிராக நாம் வென்ற கோட்பாட்டை மென்பொருளுக்கும் நீட்டிக் கேட்க வேண்டிய நேரம் இது.

2025ஆம் ஆண்டு தமிழக பட்ஜெட்டில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினி அல்லது டேப்லெட் என்று அறிவித்தார்கள். யார் படம் ஒட்டியிருக்கிறது என்று மறுபடியும் சண்டை போடலாம். அதைவிட, திருகாணி கழற்ற முடிகிறதா, பேட்டரி மாற்ற முடிகிறதா, வேறு மென்பொருள் ஏற்ற அனுமதிக்கிறதா, பத்தாண்டு கழித்து அந்தப் பிள்ளையின் அம்மா அதை டிவியில் போட்டுப் பார்க்க முடியுமா என்று கேட்கலாம். தொழிற்சங்கங்களும் மாணவர் அமைப்புகளும் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டிய கேள்விகள் இவை. நண்பர்கள் விவாதிக்க வேண்டும். கையில் ஒரு ஸ்க்ரூடிரைவரும் இருந்தால் நல்லது.