அரிசிக் கொத்தும் அரசாங்கத்தின் கையும்

நலிவுற்ற பொருளாதாரத்தை நிமிர்த்த அரசாங்கம் தலையிட வேண்டுமா, அன்றி யாவற்றையும் சந்தையின் போக்கிற்கே விட்டுவிட வேண்டுமா என்னும் வினா நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வருகின்றது. இவ்வாறு வினவுவதிலேயே ஒரு மயக்கம் உண்டென நாம் கருதுகின்றோம். எமது நாட்டு வரலாற்றின் சில ஏடுகளைப் புரட்டினால் அம்மயக்கம் தெளியும்.

1929 இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தினால் தேயிலை, றப்பர் விலைகள் சரிந்தன. சந்தையே நீதிபதி என்று போதித்து வந்த தோட்ட முதலாளிமார் அந்நீதிபதியின் தீர்ப்பை ஏற்றுக்கொண்டனரா? இல்லை. 1933 இல் தேயிலைக்கும் 1934 இல் றப்பருக்கும் சர்வதேச உடன்படிக்கைகள் உருவாயின. விலையை உயர்த்தும் பொருட்டு ஏற்றுமதியின் அளவு சட்டத்தினாற் கட்டுப்படுத்தப்பட்டது. அதே மந்த காலத்தில் தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்சக் கூலி குறைக்கப்பட்டது. பல்லாயிரவர் வேலையிழந்து தமிழகம் திரும்பினர். விலைக்கு வேலியிட்ட அரசு கூலிக்கு வேலியிடவில்லை.

கொரிய யுத்தத்தினால் ஏறிய றப்பர் விலை விரைவிலேயே வீழ்ந்தது. அரிசியோ உலகச் சந்தையில் அரிதாயிற்று. இந்நெருக்கடியில் 1952 டிசம்பரில் இலங்கை மக்கள் சீனத்துடன் ஐந்தாண்டு உடன்படிக்கை செய்துகொண்டது. ஆண்டுதோறும் 50,000 தொன் றப்பர் கொடுத்து, 270,000 தொன் அரிசி பெறுவதென முடிவாயிற்று. றப்பருக்குச் சந்தை விலையினும் கூடிய விலை கிடைத்தது. வாஷிங்டன் முகம் சுளித்தது. உடன்படிக்கை செய்தது இடதுசாரி அரசாங்கமன்று. ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கமே. தேவை வந்தபோது கொள்கை வழிவிட்டது.

ஆயினும் 1953 ஜூலையில் அதே அரசாங்கம் பங்கீட்டு அரிசியின் விலையைக் கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியது. பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவு நிறுத்தப்பட்டது. புகையிரத, தபாற் கட்டணங்கள் கூட்டப்பட்டன. திறைசேரி வறண்டுவிட்டது என்பதே நிதி மந்திரி ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் வாதம். அவ்வாதத்தை நாம் முற்றாக மறுக்கவில்லை. செலாவணிக் கையிருப்பு உண்மையில் கரைந்துகொண்டிருந்தது. ஆனால் றப்பர் மறுநடுகைக்கு மானியம் வழங்கும் திட்டம் தொடங்கியதும் அதே 1953 ஆம் ஆண்டிலேதான். அதனாற் சிறு தோட்டக்காரரும் பயன்பெற்றனர். அதனை நாம் குறைகூறவில்லை. மரத்துக்கு மானியம் நாட்டின் முதலீடாகக் கொள்ளப்பட்டபோது, மனிதனின் சோற்றுக்கு மானியம் மட்டும் வீண்செலவாகியது எங்ஙனம் என்பதே எமது வினா.

அவ்வினாவை ஆகஸ்ட் 12 ஆம் திகதி மக்கள் வீதியில் நின்று கேட்டனர். ஹர்த்தாலினால் நாடு ஸ்தம்பித்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. மந்திரிசபை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலிற் கூடியது. ஒக்டோபரில் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். அவருக்குப் பின்வந்த சேர் ஜோன் கொத்தலாவலையின் ஆட்சியில் அரிசி விலை குறைக்கப்பட்டது.

அரசாங்கம் தலையிடாத காலம் எதுவும் இருந்ததில்லை. முப்பதுகளில் அது தோட்டத்தைத் தாங்கியது. 1952 இல் தோட்டத்தையும் சோற்றுப் பானையையும் ஒருங்கே தாங்கியது. 1953 இற் பானையிலிருந்து மட்டும் கையை எடுத்தது. 2022 இல் நாடு தன் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாது நின்றபோதும், எரிபொருளுக்கு வரிசையில் நின்றவர் யார், சுமையைச் சுமந்தவர் யார் என்பதை நாம் கண்டோம். ஆகவே, அரசாங்கம் தலையிடலாமா என்று வினவுவதை விடுத்து, எவருக்காகத் தலையிடுகிறது, எவரிடமிருந்து கையை எடுக்கிறது என்று வினவப் பழகுவோம். எமது மாணவர்க்கு நாம் கற்பிக்க வேண்டிய பொருளாதாரத்தின் முதற் பாடம் அதுவே.