செங்கல்பட்டு – மாமல்லபுரம் பல்லவர் கோயில் தடம்

செங்கல்பட்டு நகருக்கும் மாமல்லபுரம் கடற்கரைக்கும் இடையிலான ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவில், பல்லவர் குடைவரைக் கலையின் தொடக்கமும் முதிர்ச்சியும் ஒரே தடத்தில் அமைந்துள்ளன. ஆயினும் இவை ஒரே தொகுதியாகப் பார்க்கப்படுவது அரிது. வந்தவர்கள் எவ்வழியாக வந்தனரோ, அவ்வழியில் இருந்தவையே அவர்கள் கண்ணில் பட்டன.

கடல்வழி வந்த ஐரோப்பிய மாலுமிகள் மாமல்லபுரத்தை 'ஏழு கோயில்கள்' என்ற பொருளில் 'செவன் பகோடாஸ்' என்றழைத்தனர். கரையிலிருந்த கோயில் விமானம் அவர்களுக்கு இடம் காட்டும் குறி. சதுரங்கப்பட்டினத்தில் கோட்டை கட்டி வாழ்ந்த டச்சுக்காரர்களுக்கோ திருக்கழுக்குன்றம் மலை பழக்கமான இடமாக இருந்தது. அம்மலையிலுள்ள பல்லவர் காலத்து ஒருகல் மண்டபத்தில் 17ஆம் நூற்றாண்டு டச்சுக்காரர்கள் தம் பெயர்களைச் செதுக்கிச் சென்றுள்ளனர். சுற்றுலாப் பயணிகள் சுவரில் கிறுக்கும் வழக்கம் புதிதல்ல.

1772, 1776 ஆகிய ஆண்டுகளில் மாமல்லபுரத்தைப் பார்த்த வில்லியம் சேம்பர்ஸ் எழுதிய கட்டுரை 1788இல் 'ஏசியாட்டிக் ரிசர்ச்சஸ்' முதல் தொகுதியில் வெளிவந்தது. அதன்பின் ஆய்வாளர் வருகை பெருகியது. பக்கிங்காம் கால்வாய் சென்னைக்குத் தெற்கே நீட்டிக்கப்பட்டபின் படகே வசதியான வாகனமாயிற்று. சென்னையில் படகேறி இரவெல்லாம் பயணம் செய்து, விடியலில் ஊரின் மேற்கே கரையிறங்குவர். ஓரிரு மணி நேரத்தில் பகீரதத் தவம், ஐந்து ரதங்கள், கடற்கரைக் கோயில் ஆகியவற்றைப் பார்த்துத் திரும்புவர். 1990களின் இறுதியில் கிழக்குக் கடற்கரைச் சாலை வந்தபோது படகின் இடத்தைக் கார் பிடித்தது. பார்க்கும் இடங்கள் மாறவில்லை.

கம்போடியாவின் அங்கோரில் நிலை வேறு. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் அங்கு 17 கி.மீ. கொண்ட சிறு சுற்றும் 26 கி.மீ. கொண்ட பெருஞ்சுற்றும் வகுக்கப்பட்டன. இன்று மின்சார மிதிவண்டியை வாடகைக்கு எடுப்பவரும் அந்தப் பாதையிலேயே கோயில் கோயிலாகச் செல்கிறார். செங்கல்பட்டுத் தடத்துக்கு அப்படியொரு சுற்று வகுக்கப்படவில்லை. சாலுவன்குப்பம் வரை சேர்த்தாலும் தொலைவு 35 கி.மீ. அளவே, மின்சார ஸ்கூட்டர் ஒருமுறை மின்னேற்றினால் கடந்துவிடும்.

அத்தடத்தின் முதல் இடம் செங்கல்பட்டை அடுத்த வல்லம். குன்றில் மூன்று குடைவரைகள் உள்ளன: இரண்டு சிவனுக்கு, ஒன்று திருமாலுக்கு. மேலேயுள்ள வேதாந்தீசுவரர் குடைவரையில் வழிபாடு நடைபெறுகிறது. இதை அமைத்தவன் மன்னன் அல்லன். மகேந்திரவர்மனுக்கு அடங்கிய வயந்தப்பிரி அரசரின் மகன் கந்தசேனன் என்று அங்குள்ள தமிழ்க் கல்வெட்டு கூறுகிறது. பகாப்பிடுகு, லளிதாங்குரன், குணபரன் முதலிய மன்னனின் பட்டப்பெயர்களும் அதில் உள்ளன. பேரரசின் கலை சிற்றரசர் வீட்டுப் பிள்ளைகளின் கைக்கும் வந்ததற்கு இச்சிறு குகை சான்று. மாமல்லபுரத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரிய வாய்ப்பில்லை.

ஏழாம் நூற்றாண்டின் தொடக்கமான அதே காலத்தில் கம்போடியாவை ஆண்ட சித்திரசேனனும் மகேந்திரவர்மன் என்றே பட்டம் சூடினான். பெயரொற்றுமையை வைத்து அரச உறவு சொல்வது அவசரமாகும். எழுத்துறவு அப்படியல்ல. கெமர் எழுத்து பல்லவ எழுத்து மரபிலிருந்து பிறந்தது. காலம் குறிக்கப்பட்ட மிகப் பழைய கெமர் கல்வெட்டு 611ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

அவ்வெழுத்தின் அழகைக் காணச் சிறந்த இடம் தடத்தின் மறுமுனையான சாலுவன்குப்பம். இராசசிம்மன் காலத்து அதிரணசண்ட மண்டபத்தில் ஒரே வடமொழிச் செய்தி ஒரு பக்கம் பல்லவ கிரந்தத்திலும் மறுபக்கம் நாகரியிலும் வெட்டப்பட்டுள்ளது. வருவோரில் பலர் அருகிலுள்ள புலிக்குகையில் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகின்றனர்.

புலிக்குகைக்குச் சற்றுத் தொலைவில், 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை மணலை அரித்துச் சென்றபோது பாறையொன்றில் கல்வெட்டு வெளிப்பட்டது. அது குறிப்பிட்ட முருகன் கோயிலைத் தேடி இந்தியத் தொல்லியல் துறை 2005இல் அகழ்ந்தது. பல்லவர் காலக் கற்கோயிலின் எச்சங்களும், அவற்றுக்கு அடியில் அதனினும் பழைய செங்கல் கோயிலும் கிடைத்தன. செங்கல் கோயிலைச் சங்க காலத்தது என்பாரும் உளர். அக்கருத்து அனைவராலும் ஏற்கப்படவில்லை. கோயில் வடக்கு நோக்கியது. முன்னே கல்லால் ஆன வேல் ஒன்று நின்றது. விளக்கெரிக்கப் பொன் கொடுத்தோரின் செய்திகள் தூண்களில் உள்ளன. படகும் காரும் பல தலைமுறைகளாக இம்மணல்மேட்டைக் கடந்தே சென்றன.